நூத்திமூணு நெல்லு

சன்னாசி தொண்டைக்கு நேரா ரெண்டு வருசம் அந்தரத்துல நின்ன அம்புக்கு முனை அடிச்சவன் நான்தான், அதனால இந்தக் கதையை அடுத்தவன் சொல்றதைவிட நான் சொல்றதுதான் முறை. கீழே ரோட்டடி ஊர்க்காரங்க சொல்ற மாதிரி அது மந்திரிச்ச முனையும் இல்ல, மலைத்தெய்வம் குடுத்த முனையும் இல்ல, ஒடைஞ்ச லாரியோட ஸ்பிரிங் பட்டையில ஒரு துண்டை வெட்டி, உலையில பழுக்கக் காய்ச்சி, வேப்பிலை வடிவத்துக்குத் தட்டி, ரெண்டு ஓரமும் தாடி வழிக்கிற அளவுக்குச் சாணை பிடிச்ச முனை, அந்த வருசம் அதே மாதிரி அறுபது அடிச்சேன், மத்த அம்பத்தொம்பதும் போற எடத்துக்கு ஒழுங்காப் போய்ச் சேந்துச்சு. "ஆசாரி, அப்படி என்னத்தய்யா அடிச்சீரு?"ன்னு என்னையப் பிடிச்சு உலுக்குனவங்க கொஞ்சநஞ்சமில்ல. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு அத்தனை பேருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். சொன்ன நானும் எய்தவனைப் போய்க் கேக்கல, அது வேற விசயம், அதுக்கு வர்றேன்.

எங்க ஊரு வேங்கையூத்துல வில்லு தொங்காத வீடு கிடையாது. நாங்க துப்பாக்கியத் தொடமாட்டோம், கண்ணி வைக்கமாட்டோம், வலை விரிக்கமாட்டோம், வருசத்துல ஒரே ஒரு நாள், மாசி பிறந்து இலையெல்லாம் உதிர்ந்து காடு வெளிச்சமானப்புறம், ஊத்துக்கு மேல இருக்கிற ரெண்டு சரிவுலயும் ஏறுவோம், காட்டுச்சேவல் எடுப்போம், முயல் எடுப்போம், பன்னி வாய்ச்சாப் பன்னி, ஆனா பெட்டைக்கோழியத் தொடமாட்டோம், குட்டியோட திரியுறதத் தொடமாட்டோம். வில்லு கல்மூங்கில்ல செஞ்சது, வெட்டி ஆறு மாசம் அடுப்புக்கு மேல பரண்ல கெடந்து புகை குடிச்சது. நாணு மருள் நார்ல முறுக்குனது. அம்பு நாணல், அதுல கட்டுற மூணு இறகும் ஒரே பக்கத்துச் சிறகுல எடுத்ததா இருக்கணும், எடது ரெண்டு வலது ஒண்ணுன்னு கலந்து கட்டுனா அம்பு குடிகாரன் மாதிரிப் போகும். சேவல் தலை நிமிந்து பாக்கிறப்ப மூச்சுக்கூட விடப்படாது, அது நடந்து ஒரு மரத்துக்குப் பின்னால மறையுற அந்த ஒரு எட்டுலதான் நாணைத் தாடைக்கு இழுக்கணும், மறுபடி வெளிய வர்றப்ப விட்டுரணும். பட்டுருச்சின்னு தெரிஞ்சாலும் எந்திரிச்சு ஓடப்படாது, ஒரு வெத்தலையை மென்னு துப்புற நேரம் உக்காந்திருந்துட்டு அப்புறமா ரத்தத்தைப் பாத்துப் போகணும், ஏன்னா வெரட்டுனா அடிபட்டது அடுத்த மலைக்கு ஓடும், விட்டுட்டா அம்பது அடியில படுத்துக்கும். இதெல்லாம் தெரியாதவனுக்கு எங்க ஊர்ல பொண்ணு குடுக்க மாட்டோம்.

இத்தனைக்கும் மேல ஒரு சட்டம் இருக்கு. கண்ணு பாத்ததுக்குத்தான் கை விடணும், காது கேட்டதுக்கு விடப்படாது. சத்தத்துக்கு எய்தவன் எவனா இருந்தாலும் அவன் வில்லை ஊத்துமேட்டுல ஊரு முன்னால ஒடிச்சுப்போட்டுருவோம், அப்புறம் சாகுறவரைக்கும் அவன் வில்லு தொடமுடியாது. நான் பொறந்ததுலருந்து அப்படி ஒரு வில்லு ஒடிஞ்சதில்ல, அந்தப் பெருமையில நாங்க கொஞ்சம் மெதப்பாத்தான் திரிஞ்சோம்.

சேவலைத் தேடிப் போறவன் வேட்டைக்காரன் இல்ல, சேவலைத் தேடி வரவைக்கிறவன்தான் வேட்டைக்காரன். ஒரு இலையை ரெண்டா மடிச்சு உதட்டுக்கு நடுவுல வச்சு, இன்னொரு சேவல் சண்டைக்குக் கூப்புடுற மாதிரிக் கூவணும், அந்தக் காட்டுக்கு நான்தான் ராசாங்கிற திமிரு அந்தக் குரல்ல இருக்கணும், அதைக் கேட்டு மெய்யான ராசா கோவத்துல நெஞ்சை நிமித்திக்கிட்டு வரும். இந்தக் கூவலுக்கு எங்க ஊர்ல ரெண்டே பேருதான். ஒருத்தன் சன்னாசி, பேசுனா வாய் மூடாதவன், ஊத்துல குளிக்கப் போனா தண்ணிக்கே கதை சொல்லிட்டு வர்றவன். இன்னொருத்தன் வீரணன், சன்னாசி பொண்டாட்டி ஒச்சம்மாவோட கூடப்பொறந்த தம்பி, அம்புல அவனை மிஞ்ச ஆளில்ல. மாமனும் மாப்பிள்ளையும் ஒருத்தனை ஒருத்தன் கேலி பேசாம ஒரு வாய் சோறு எறங்காது.

அந்த மாசி வேட்டையில சன்னாசிக்கு மேற்குச் சரிவு, வீரணனுக்குக் கிழக்குச் சரிவுன்னு பிரிச்சுவிட்டோம். விடியுறப்ப சன்னாசி ஒரு கூவு கூவியிருக்கான், மலைமுகட்டுக்கு அந்தாண்டருந்து ஒரு சேவல் பதிலுக்குக் கூவியிருக்கு, அடேயப்பா இது பெரிய சேவல்டான்னு இவன் இன்னும் திமிராக் கூவ, அது இவனைவிடத் திமிராக் கூவ, இப்படியே ஒரு மணி நேரம் ரெண்டும் ஒண்ணையொண்ணு ஏசிக்கிட்டே முகட்டை நோக்கி ஏறியிருக்கு. அந்தாண்டைச் சேவல் வீரணன்தான்னு இவனுக்குத் தெரியல, இந்தாண்டைச் சேவல் சன்னாசிதான்னு அவனுக்குத் தெரியல. ஊரிலேயே நல்லாக் கூவுற ரெண்டு பேரு ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்தி முகட்டுக்குக் கொண்டுவந்துட்டாங்க. சன்னாசி அங்க அடர்ந்து கெடந்த ஒரு உண்ணிப்புதருக்குள்ள புகுந்து உக்காந்து கடைசியா ஒரு கூவு கூவுனான், நாணு தெறிக்கிற சத்தம் கேட்டுச்சு, புதரைக் கிழிச்சுக்கிட்டு அம்பு வந்து அவன் தொண்டைக்கு மூணு சாண் முன்னால நின்னுச்சு.

நின்னுச்சுன்னா நின்னுச்சு, அவ்வளவுதான். சன்னாசி எந்திரிச்சான், அம்பும் அவன் தொண்டை ஒசரத்துக்கு எந்திரிச்சுச்சு. பின்னால ஒரு எட்டு வச்சான், அதுவும் ஒரு எட்டு வந்துச்சு. விழுந்தடிச்சு ஊருக்குள்ள ஓடிவந்தான், வளத்த நாய் மாதிரி அதே மூணு சாண் தள்ளி அதுவும் வந்துச்சு. வாசல்ல நெல்லுக் காயப்போட்டுக்கிட்டு இருந்த ஒச்சம்மாவைக் கண்டதும் ஆரம்பிச்சான் பாருங்க, வீரணனை, வீரணன் குடும்பத்தை, வீரணனைப் பெத்தவளை, அவ ஒச்சம்மாவையும் பெத்தவதாங்கிறது கோவத்துல மறந்துபோச்சு, அப்படி ஒரு ஏச்சு. ஒச்சம்மா ஏச்சைக் கேக்கல, அம்பைப் பாத்தா. அவ கையால அவன் வாயைப் பொத்தினா. "பேசாதீக. பேசப்பேச அது கிட்ட வருது"ன்னா.

அவ சொன்னது சரிதான். ஒரு நூலை எடுத்து முனையிலருந்து தொண்டைக்குப் பிடிச்சா, அந்த நூலைச் சொளகுல நீட்டி வச்சு அதோரமா நெல்லை ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா அடுக்குனா, எழுபத்தேழு நெல்லு வந்துச்சு. மூணு சாணுக்கு நூத்திமூணு நெல்லு பிடிக்கும். ஆக இருபத்தாறு சொல்லு ஏச்சுலயே போயிருந்துச்சு. சத்தத்துக்கு வந்த அம்பு, அதனால ஒரு சொல்லுக்கு ஒரு நெல்லு நகந்துச்சு. இருமலுக்கு நகரல, தும்மலுக்கு நகரல, சிரிப்புக்கு நகரல, வாயிலருந்து சொல்லுன்னு ஒண்ணு வந்தா, அது குசுகுசுன்னு வந்தாலும், ஒரு நெல்லு. அந்தச் சொளகை ஒச்சம்மா அன்னையிலருந்து வேற எதுக்கும் எடுக்கல, அவன் ஒரு சொல்லு சொன்னா அதுலருந்து ஒரு நெல்லை எடுத்துருவா.

பின்னாலயே வீரணன் மூச்சு வாங்க வந்து சேந்தான். அம்பைப் பாத்தான், மாமனைப் பாத்தான். சுத்தி நாங்க அத்தனை பேரும் நிக்கிறோம். "கொண்டையைப் பாத்தேன் மாமா. செவச்செவன்னு கொண்டை. புதருக்கு மேல தெரிஞ்சுச்சு. அதைப் பாத்துத்தான் விட்டேன்"னு சொன்னான். ஊரு நம்புச்சு. ஊர்ல முதல் வில்லாளி சொல்றான், நம்பாம என்ன செய்யும்? அதுமட்டுமில்ல, அவன் பாக்காம விட்டான்னா வில்லை ஒடிக்கணும், அந்த வில்லை ஒடிக்க எங்க எவனுக்கும் மனசில்ல. ஒருத்தன் சன்னாசியப் பாத்து, "இருந்தாலும் நீ அப்படியா அச்சு அசலாக் கூவுவ?"ன்னு கேட்டான், இன்னொருத்தன் "ஒன் சரிவை விட்டு முகட்டுக்கு ஏன்யா போன?"ன்னான், பொழுது சாயுறதுக்குள்ள தப்பு நைசா நகந்து சன்னாசி தலையில போய் உக்காந்துக்கிச்சு. நானும் என் பங்குக்கு ஒண்ணு செஞ்சேன். முனை என் வேலையாச்சேன்னு கிட்டப்போய்ப் பாத்தேன், அதுல உண்ணி இலைக் கிழிசல் ஒண்ணு ஒட்டியிருந்துச்சு. புதருக்கு மேல நின்ன கொண்டைக்கு விட்ட அம்புல புதருக்குள்ள இருக்கிற இலை எப்படி வரும்? எனக்கு அப்பவே விளங்கிருச்சு. துண்டால துடைச்சுவிட்டு, முனை நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டு உலைக்குப் போயிட்டேன்.

ஒரு வாரம் வேடிக்கையா இருந்துச்சு, அப்புறம் பழகிப்போச்சு. காட்டிலாகா வாச்சர் வந்தாரு, வேட்டைக்குத் தடயமா அம்பைப் பறிமுதல் பண்ணணும்னு ரெண்டு கையால பிடிச்சு இழுத்தாரு, காலை ஊண்டி இழுத்தாரு, தொங்கியும் பாத்தாரு, அது அசையல, பறிமுதல் பண்ணுனா சன்னாசியையும் சேத்துத்தான் பண்ணணும்னு தெரிஞ்சு ஒரு டீயைக் குடிச்சிட்டுப் போயிட்டாரு. சவரம் பண்றவர் அம்புக்குக் கீழ குனிஞ்சு தாடையையும், சுத்தி வந்து கன்னத்தையும் வழிக்கப் பழகுனாரு. பஸ்சுல சன்னாசிக்குக் கடைசி சீட்டு ஜன்னலோரம், அம்போட வால் பக்கம் ஜன்னலுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், எதுத்தாப்ல வண்டி வந்தா கண்டக்டர் "சன்னாசியண்ணே, கொஞ்சம் திரும்பி உக்காரு"ன்னு ஞாபகமாச் சொல்லுவாரு. உழவுக்குப் போனா தூக்குவாளியை அந்த அம்புல மாட்டி வச்சிக்கிட்டு உழுதான், நடவுக்கு வந்த பொம்பளைங்க வெயிலுக்கு அதுல சேலையப் போட்டு நெழலாக்கிக்கிட்டாங்க, சாயங்காலம் ரெண்டு தவிட்டுக்குருவி அதுல வந்து உக்காந்து சண்டை போடும். யாரும் அவன்கிட்ட "எப்படி இருக்க?"ன்னு கேக்கிறதில்ல, "நல்லா இருக்கியா?"ன்னுதான் கேப்போம், தலையாட்டுனா முடிஞ்சுபோகும்.

பேசாத மனுசன்கிட்ட ஊரே பேச ஆரம்பிச்சுச்சு. யாரு யாரை நெனைச்சா, எவன் வரப்பை எவன் வெட்டுனான், எந்த மருமக எந்த மாமியாருக்கு உப்பைக் கூட்டி வச்சா, அத்தனையும் சன்னாசி காதுல வந்து விழுந்துச்சு, அவனும் புருவத்தை ஏத்தி எறக்கி, சிரிச்சு, தொடையில தட்டிக் கேட்டுக்கிட்டான். அப்புறம் ஒருத்தன் கெளப்பிவிட்டான், சன்னாசி ஒரு சொல்லு சொன்னா அது உசுரைக் குடுத்துச் சொன்ன சொல்லு, கட்டாயம் பலிக்கும்னு. வெதைக்கிறவன் வந்து "வெளையும்னு ஒரு வார்த்தை சொல்லுய்யா"ன்னு நிப்பான், மாடு வாங்குறவன் மாட்டோட வந்து நிப்பான். ஒச்சம்மா வெளக்கமாத்தை எடுத்துக்கிட்டு வருவா. "ஒங்க மாடு பால் கறக்க எம்புருசன் ஒரு நெல்லு சாகணுமாக்கும்"னு அவ விரட்டுனதுல ஒரு எளவட்டம் ஊத்துல விழுந்து எந்திரிச்சான்.

சன்னாசிக்கு வேண்டியதை எல்லாம் ஒச்சம்மாதான் சொன்னா. வாய்க்கா முறைக்கு அவ சொன்னா, சம்பந்தம் பேச அவ சொன்னா, "எங்க வீட்டுக்காரரு என்ன சொல்றாருன்னா"ன்னு அவ ஆரம்பிச்சா நாங்க காதைத் தீட்டிக்குவோம், அவன் பக்கத்துல உக்காந்து தலையாட்டுவான், சில நேரம் அவன் ஆட்டுறதுக்கு முன்னாலயே அவ முடிச்சிருவா. அந்த வருசம் ஐப்பசியில அவளுக்குப் பொண்ணு பொறந்துச்சு. பேர் வைக்கிற அன்னைக்கு அப்பன் பிள்ளை காதுல மூணு தடவை பேரைச் சொல்லணும், அது முறை. "ஒரு தடவை போதும்ங்க, ஊரு ஒண்ணும் சொல்லாது"ன்னு ஒச்சம்மா கெஞ்சினா. சன்னாசி பிள்ளையத் தூக்கி, அம்பு பிள்ளை மேல படாம தோளோரமாச் சாச்சுக்கிட்டு, மலையரசி, மலையரசி, மலையரசின்னு நிதானமா மூணு தடவை சொன்னான். அங்க இருந்த பொம்பளைங்க எல்லாம் அழுதுட்டாங்க, நானும் அழுதேன், சொன்னா என்ன வெக்கம்.

அது நல்லதுக்குப் போன நெல்லு. நழுவிப்போனதுதான் சாஸ்தி. கல்லுல கால் இடிச்சா அம்மான்னு ஒண்ணு, பாம்பைக் கண்டா பாம்புன்னு ஒண்ணு, தூக்கத்துல உளறுனது மட்டும் பத்துக்கு மேல, அதுக்கப்புறம் ஒச்சம்மா அவன் வாயைத் துண்டால கட்டித்தான் படுக்க வச்சா. அம்பு நின்னதுக்கப்புறம் ரெண்டாவது மாசி வந்தப்ப சொளகுல பதினாறு நெல்லுதான் இருந்துச்சு. அம்பு முனை அவன் தாடைக்குக் கீழ அரைச்சாணுக்குள்ள வந்துருச்சு, அவன் சோறு உருட்டிச் சாப்பிடுறப்ப கையைச் சுத்திக் கொண்டுபோகணும். ஆளு மெலிஞ்சுபோனான். சிரிப்பும் கொறைஞ்சுபோச்சு.

வீரணனோ வளந்துக்கிட்டே போனான். அம்பை ஆகாசத்துல நிறுத்தினவன்னு நாலு ஊருக்குப் பேரு. வெளியூர்லருந்து வர்றவங்க முதல்ல அம்புக்குப் பூ வைப்பாங்க, சன்னாசி அந்த மல்லிகை வாசத்தோட பொறுமையா நிப்பான், அப்புறம் வீரணனைத் தேடிப் போவாங்க. அவனும் கேக்கிறவங்களுக்கெல்லாம் சொல்லுவான், சொல்லச்சொல்ல அந்தக் கொண்டை பெருசாச்சு, கொண்டைக்குக் கீழ கழுத்து மொளைச்சுச்சு, கழுத்துல பொன்னு மாதிரிப் புள்ளி வந்துச்சு, ஒரு கட்டத்துல அது அவனைத் திரும்பிப் பாத்ததாகூடச் சொன்னான். கெட்டவன் இல்ல. அக்கா வீட்டுக்கு வெறகு வெட்டிப் போடுவான், மருமக மலையரசியத் தோள்ல வச்சுத் திரிவான், மாமன் முன்னால மட்டும் ரொம்ப நேரம் உக்காரமாட்டான். சன்னாசி அவனையே பாத்துக்கிட்டு இருப்பான். எழுதிக் காட்டியிருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. சன்னாசிக்கு எழுத்துத் தெரியாது, தெரிஞ்சாலும் ஊத்துமேட்டுல எழுத்து செல்லாது, வாயால சொன்னதுதான் சொல்லு. தலையாட்டியாவது சொல்லியிருக்கலாம், ஆனா அதுக்கு எவனாவது கேக்கணும்ல? அன்னைக்குப் புதர்ல என்ன நடந்துச்சுன்னு, ரெண்டு வருசமா அவன்கிட்ட நாங்க கேக்காத கேள்வி அது ஒண்ணுதான்.

அந்த மாசி வேட்டைக்கு முந்துன நாள் காலையில ஊத்துமேட்டுல கூடுனோம். முதல் அம்பு யாருக்குன்னு முடிவு பண்ற கூட்டம் அது. முதல் அம்பு விடுறவன்தான் அன்னைக்குக் காட்டுக்குத் தலைவன், அவன் சொல்ற சரிவுலதான் மத்தவன் ஏறணும், அதனால அவன் மேல ஊர்ல எவனுக்கும் மனத்தாங்கல் இருக்கப்படாது, வீட்டுக்கு ஒருத்தர் எந்திரிச்சு "எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னு வாய்விட்டுச் சொல்லணும். ஒரு வீட்டுக்காரன் சொல்லலைன்னாலும் முதல் அம்பு கிடையாது. வீரணன் பேரைச் சொன்னதும் மறுபேச்சே இல்ல. எனக்கு ஒண்ணும் இல்ல, எனக்கு ஒண்ணும் இல்லன்னு வரிசையா வந்துச்சு, நானும் சொன்னேன். சன்னாசி வீட்டு முறை வந்தப்ப, அவனைப் பேச வைக்கவேண்டாம், ஒச்சம்மாவே சொல்லட்டும்னு ஊரே பெருந்தன்மையா விட்டுக்குடுத்துச்சு.

ஒச்சம்மா பிள்ளையை இடுப்புல வச்சிக்கிட்டு எந்திரிச்சா. "எங்க வீட்டுக்காரரு என்ன சொல்றாருன்னா, அவருக்கு"ன்னு ஆரம்பிச்சா. சன்னாசி அவ கையைப் பிடிச்சு உக்கார வச்சான். தான் எந்திரிச்சான்.

"ஒண்ணு இருக்கு."

அம்பு ரெண்டு நெல்லு முன்னால வந்துச்சு. பிள்ளைக்குப் பேர் வச்ச நாளுக்கப்புறம் இப்பத்தான் ஊரு கூடி அந்தக் குரலைக் கேக்குறோம், அது கட்டையாப் போயிருந்துச்சு.

"நான் உக்காந்திருந்தது புதருக்குள்ள. அதுக்குள்ள கொண்டை எப்படித் தெரியும்? சத்தம் மட்டுந்தான் வந்திருக்கும்."

அவன் நிதானமா, ஒவ்வொரு சொல்லா, நாணை இழுத்து நிறுத்தி விடுற மாதிரிச் சொன்னான், ஒவ்வொண்ணுக்கும் முனை ஒரு நெல்லு நகந்துச்சு. ஒச்சம்மா மடியில சொளகு இருந்துச்சு, அவ ஒவ்வொரு நெல்லா எடுத்துக்கிட்டே வந்தா. "போதும்ங்க"ன்னா. "நாலுதான் இருக்கு. ஒங்களைக் கும்புடுறேன், போதும்." சன்னாசி அவ தலையில ஒரு தரம் கையை வச்சான். அப்புறம் வீரணன் பக்கம் திரும்புனான்.

"மாப்ள. பாத்தியா? சொல்லு."

ஒரே ஒரு நெல்லு. அவன் எச்சி முழுங்குனப்ப தொண்டை முடிச்சு மேல ஏறி முனையத் தொட்டுட்டு எறங்குச்சு, தொட்ட எடத்துல ரத்தம் பொட்டா வந்துச்சு. இனி அவன் ஆமான்னு சொன்னாலும் சாவான், இல்லைன்னு சொன்னாலும் சாவான். அவன் மாப்பிள்ளையோட மொகத்தைப் பாத்துக்கிட்டு நின்னான்.

வீரணன் தோள்ல வில்லு இருந்துச்சு. அவன் ஊரைப் பாத்தான், எவனாவது நடுவுல விழுந்து சமாதானம் பேசுவானான்னு. பேச வேண்டிய நாங்க அத்தனை பேரும் தலையக் குனிஞ்சுக்கிட்டோம். கடைசியா அவன் அக்காளைப் பாத்தான்.

ஒச்சம்மா சொளகைக் கீழ வச்சா. "டே தம்பி, இந்த மனுசனுக்கு வாயா ரெண்டு வருசம் நான் இருந்துட்டேன். ஒனக்கு வாயா நான் இருக்க முடியாது. நீதான் சொல்லணும்"னா. அவ அழுகல, அதட்டவும் இல்ல, சாதாரணமாத்தான் சொன்னா.

"பாக்கல"ன்னான் வீரணன். மொத தடவை அது யாருக்கும் கேக்கல. அப்புறம் வில்லைத் தோள்லருந்து எறக்கி ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டு, ஊருக்கே கேக்குற மாதிரிச் சொன்னான். "கொண்டையும் பாக்கல, கோழியும் பாக்கல, ஒண்ணுமே பாக்கல. அந்தச் சேவல் என்னைவிட நல்லாக் கூவுச்சு, அது எனக்குப் பொறுக்கல. சத்தத்துக்குத்தான் விட்டேன் மாமா."

அம்பு விழுந்துருச்சு. ஒரு நாணல் குச்சி கீழ விழுந்தா எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவுதான் வந்துச்சு. சன்னாசி தொண்டையத் தடவிப் பாத்துக்கிட்டான்.

வில்லை ஒடின்னு வீரணன்கிட்ட யாரும் சொல்லவேண்டி வரல. அவனே அதைக் கல்லு மேல சாத்தி மிதிச்சான், புகை குடிச்ச கல்மூங்கில் லேசுல ஒடியாது, மொத மிதிக்கு வளைஞ்சுச்சு, ரெண்டாவதுக்கு முனகுச்சு, மூணாவதுக்குத்தான் ஒடிஞ்சுச்சு. ஊர்ல முதல் வில்லாளி, இருபத்தெட்டு வயசு, இனி அவன் கையில வில்லு கிடையாது. அவன் அந்த ரெண்டு துண்டையும் பாத்து ஏங்கி ஏங்கி அழுதான். எனக்கு உக்காந்திருக்க முடியல, நானும் எந்திரிச்சு அந்த உண்ணி இலையைப் பத்திச் சொல்லிட்டேன்.

அப்பத்தான் சன்னாசி வாயத் தொறந்தான். ரெண்டு வருசம் சேத்து வச்சிருந்த ஏச்சு அது. வீரணனை ஏசினான், இலையைத் துடைச்ச என்னைய ஏசினான், நீ ஏன் நல்லாக் கூவுனன்னு கேட்டவனை ஏசினான், மாட்டோட வந்தவனை, அம்புல சேலை போட்டவளை, பூ வச்சவனை, அத்தனை பேரையும் பேரு சொல்லி, அவங்கவங்க அவன் காதுல வந்து கொட்டுன கதை எல்லாத்தையும் ஊரு முன்னால எடுத்துவிட்டு ஏசினான், உப்புக் கூட்டி வச்ச மருமக எந்திரிச்சு ஓடிட்டா. எங்களுக்கும் அது கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. வெயில் உச்சிக்கு ஏறி, முகட்டுக்கு அந்தாண்ட எறங்குற வரைக்கும் ஏசினான், நடுவுல ஒச்சம்மா ரெண்டு தடவை தண்ணி குடுத்தா.

குரல் கம்மிப்போனப்புறம்தான் நிறுத்துனான். வீரணன் ஒடிஞ்ச வில்லுத் துண்டுக்குப் பக்கத்துல அப்படியே தலை குனிஞ்சு உக்காந்திருந்தான். சன்னாசி போய் அவன் எதுக்க குத்தவச்சான்.

"நாளைக்கு வெள்ளன எந்திரிச்சு வந்துரு"ன்னான்.

"எதுக்கு மாமா? எனக்குத்தான் வில்லு இல்லையே."

"கூவ வாய் இருக்குல்ல? இந்த ரெண்டு வருசமா எனக்குச் சரியான போட்டியே இல்லடா."

வீரணன் மூக்கைத் துடைச்சுக்கிட்டான். "எந்தச் சரிவுல மாமா?"ன்னு கேட்டான்.

"எஞ்சரிவுல"ன்னான் சன்னாசி. "பக்கத்துலயே உக்காரு."